ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு நாமும் பங்களிக்கலாம்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளிடமும், பட்டறைக்காரர்களிடமும், டிசைன் வேலை செய்கிறவர்களிடமும் ஓப்பன் சோர்ஸ் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைக் கீழே கொடுத்து, பதில் எழுதியிருக்கிறேன். அடிப்படையில் தொடங்கி, போகப் போகச் சிக்கலான கேள்விகள் வரும்.

ஓப்பன் சோர்ஸுன்னா காசு இல்லாம கெடைக்கிற சாஃப்ட்வேர் தானுங்களே?

காசில்லாமல் கிடைப்பது கூடவே வருகிற வசதி. முக்கியமான விஷயம் உரிமம். மூலநிரலை, அதாவது மென்பொருளை உருவாக்க நிரலாளர் எழுதிய வரிகளை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அதில் எழுதியே கொடுத்திருப்பார்கள். வாட்ஸ்அப்புக்கும் நாம் காசு கொடுப்பதில்லை; ஆனால் அந்தச் செயலியின் நிரலை எடுத்து நாம் மாற்ற முடியாது. ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றையும் மாற்றலாம்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ என்ற, யாரும் மாற்றிக்கொள்ளக்கூடிய இயங்குதளத்தை எழுதும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை (கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி) வெளியிட்டார். இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அந்தக் கருநிரல்தான். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அனுப்பிய திருத்தங்கள் சேர்ந்து வளர்ந்தது அது. நாமும் அனுப்பலாம் என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்கிறேன்.

அண்ணா, எனக்கு கோடிங் சுத்தமா வராதுங்க. நான் என்னத்தப் பண்றது?

நிறையப் பண்ணலாம். மொழிபெயர்ப்பு, பிழை சொல்லுதல், கையேடு எழுதுதல், படம் வரைதல், புது வெளியீட்டை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தல், மன்றங்களில் மற்றவர் கேள்விக்குப் பதில் சொல்லுதல் எல்லாமே பங்களிப்புதான். ஃபயர்ஃபாக்ஸின் தமிழாக்கம் பொன்டூன் என்ற தளத்திலும், லிப்ரே ஆஃபிஸின் தமிழாக்கம் வெப்லேட்டிலும் நடக்கிறது. இரண்டுக்கும் உலாவி போதும்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது உங்கள் தொழிலறிவை. கோடிங் தெரிந்த பலருக்கு இல்லாத சரக்கு அது. திருப்பூரில் எம்பிராய்டரி யூனிட்டில் வேலை பார்க்கிறவருக்குத் துணி இழுபட்டால் தையல் எப்படிச் சுருங்கும், எந்தத் துணிக்கு எவ்வளவு நெருக்கமாகத் தையல் போட வேண்டும் என்பது கைப்பழக்கம். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருள் மேல் ஓடும் இங்க் ஸ்டிச் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எம்பிராய்டரி மிஷினுக்கான கோப்புகளை உருவாக்குகிறது. அதில் ஒரு டிசைனைச் செய்து, மிஷினில் ஓட்டி, துணியில் எப்படி விழுந்தது என்று போட்டோவோடு எழுதினால், அந்த மென்பொருளை எழுதும் நிரலாளருக்கு அது அருமையான தகவல். எல்லா ரக மிஷினும் எல்லா ரகத் துணியும் அவர் கையில் இருக்காது.

அதே மாதிரிதான் கோவை கணபதியிலும் சிங்காநல்லூரிலும் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஃப்ரீகேடும் லினக்ஸ் சிஎன்சியும். முன்னது முப்பரிமாண வரைபடத்துக்கு, பின்னது லேத், மில்லிங் மிஷின்களைக் கணினியால் இயக்குவதற்கு. ஒரு பம்ப் இம்பெல்லரை ஃப்ரீகேடில் வரைந்து பார்த்தால் எந்த இடத்தில் தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். தடுக்கிய இடத்தை எழுதி அனுப்புங்கள்.

லேப்டாப்பே இல்லைங்க, போன் மட்டுந்தான் இருக்குது. அப்பவும் முடியுமுங்களா?

முடியும். மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்ற திட்டம் 2017இல் தொடங்கியது. திரையில் வரும் வாக்கியத்தைப் படித்துப் பதிவு செய்யலாம். மற்றவர் படித்ததைக் கேட்டு, சரியா தப்பா என்று சொல்லலாம். தமிழும் அதில் உண்டு. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு நம் பக்கத்துக் குரலும் பழக வேண்டுமென்றால் நம் பக்கத்து ஆட்கள் அதில் பேச வேண்டும்.

இன்னொன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் தொடங்கிய, எல்லாரும் சேர்ந்து வரையும் உலக வரைபடம். ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியைப் போட்டுக்கொண்டு நடந்தால், இந்தத் தெரு தார் ரோடா மண் ரோடா, இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அதுவே கேட்கும். ஊர்ப் பெயரைத் தமிழில் சேர்க்க வேண்டுமென்றால் உலாவியில் வரைபடத்தின் திருத்தும் பக்கத்துக்குப் போக வேண்டும். தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. கொடுமுடிப் பக்கமோ உடுமலைப் பக்கமோ உள்ள ஒரு சின்ன ஊரின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அந்த ஊர்க்காரருக்குத்தான் சரியாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயரோ இடமோ எழுதக் கூடாது. அது அவர்கள் உரிமையுள்ள தரவு. நீங்கள் நேரில் பார்த்தது, உங்களுக்கே தெரிந்தது மட்டும்.

எந்தப் புராஜெக்ட்டப் புடிக்கறதுன்னே தெரியலைங்க. ஆயிரக்கணக்குல கெடக்குதே.

நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துவதைப் பிடியுங்கள். தினமும் பயன்படுத்தும் ஒன்றில்தான் எது உறுத்துகிறது, எது நன்றாக இருக்கிறது என்ற சொந்த அபிப்பிராயம் இருக்கும். பேர் பெற்றது என்பதற்காகவே லினக்ஸ் கருநிரலில் போய் முட்ட வேண்டாம். அங்கே திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பும் பழக்கம், அதற்கென்று தனி முறைகள், கறாரான சரிபார்ப்பு எல்லாம் உண்டு. கொஞ்சம் பழகிவிட்டுப் போகலாம்.

பிடித்த திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக எப்போது நிரல் மாறியது? வெளியாட்கள் அனுப்பிய திருத்தங்களுக்குப் பதில் வந்திருக்கிறதா? உரிமக் கோப்பு இருக்கிறதா? பங்களிப்பவர்களுக்கென்று வழிகாட்டிக் கோப்பு இருந்தால் அதை ஒரு வரி விடாமல் படியுங்கள். பெரும்பாலான புதியவர்கள் அதைப் படிப்பதில்லை. படித்துவிட்டு வந்தவரை, அந்தத் திட்டத்தைக் கவனித்து நடத்தும் பராமரிப்பாளர் முதல் செய்தியிலேயே கண்டுகொள்வார்.

தமிழ் சார்ந்து ஏதாவது வேண்டுமென்றால் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. தமிழ் எழுத்துகளைப் பிரிப்பது, எண்ணுவது, வரிசைப்படுத்துவது போன்ற வேலைகளைச் செய்கிறது. பைத்தான் இப்போதுதான் படிக்கிறேன் என்பவருக்கு அதன் நிரல் புரியும் அளவில் இருக்கும்.

எனக்கு இங்கிலீஷ்ல எழுதறதுக்குப் பயமா இருக்குதுங்க. தப்பா எழுதினா சிரிப்பாங்களா?

சிரிக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் படிக்கிறவருக்கும் பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியாக இருக்காது. பிரேசிலிலும் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருந்து எழுதுகிறார்கள். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் தயங்கி நிற்பதைப் பார்த்துத்தான் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

பிழை அறிக்கைக்கு நான்கு விஷயம் வேண்டும்: நான் என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு எந்தக் கணினி. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பட்டியலில் 'ஈரோடு' என்று தேடுகிறீர்கள். சில வரிகள் கிடைக்கின்றன, சில வரிகள் கண்ணெதிரே இருந்தும் கிடைக்கவில்லை. காரணம், 'ரோ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'ர' போட்டு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. 'ர' போட்டு இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்று, எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடின் விதி சொல்கிறது. அதைக் கவனிக்காமல் எழுதிய மென்பொருள் இரண்டையும் வேறு சொல்லாக நினைத்துவிடும்.

இதை அறிக்கையாக எழுதும்போது இரண்டு விதமாக அடித்த 'ஈரோடு' உள்ள சின்னக் கோப்பு ஒன்றை இணைத்து, "இந்தக் கோப்பைத் திறந்தேன். ஈரோடு என்று தேடினேன். இரண்டு வரியும் கிடைக்கும் என்று நினைத்தேன். ஒன்றுதான் கிடைத்தது" என்று எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுங்கள். தமிழே தெரியாத ஒரு நிரலாளர் அந்தக் கோப்பை வைத்து அங்கே உட்கார்ந்தபடி பிழையைப் பார்த்துவிடுவார். அந்த நான்கு வரியில் இலக்கணப் பிழை இருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது.

கிட்டும் கிட்ஹப்பும் ஒண்ணுதானுங்களா?

இல்லை. கிட் என்பது நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கருவி. 2005இல் லினக்ஸ் கருநிரலுக்காக டோர்வால்ட்ஸ் எழுதியது. அதுவும் ஓப்பன் சோர்ஸ். கிட்ஹப் என்பது கிட் களஞ்சியங்களை, அதாவது ஒரு திட்டத்தின் கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும், வைத்துக்கொள்ள இடம் தரும் இணையத்தளம். 2008இல் வந்தது, 2018இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கிட்லேப், கோட்பெர்க் போன்ற வேறு தளங்களும் உண்டு. கிட்டைப் பழகிவிட்டால் எந்தத் தளமும் சிரமமில்லை.

புல் ரிக்வெஸ்ட் போடறது எப்படிங்க? ஒருக்கா முழுசாச் சொல்லிப்போடுங்க.

புல் ரிக்வெஸ்ட் என்றால், "என் பிரதியில் இந்த மாற்றத்தைச் செய்திருக்கிறேன், பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது. முதலில் அந்தத் திட்டத்தை உங்கள் கணக்குக்கு ஃபோர்க் செய்கிறீர்கள். அது உங்கள் சொந்தப் பிரதி. அதைக் குளோன் செய்து கணினிக்கு இறக்குகிறீர்கள். முதன்மைக் கிளையில் (அசல் நிரல் இருக்கும் இடம்) கை வைக்காமல், செய்யப்போகும் வேலைக்கென்று ஒரு தனிக் கிளை உண்டாக்குகிறீர்கள். மாற்றத்தைச் செய்து, சோதனைகளை ஓட்டிப் பார்த்து, கமிட் செய்து (அதாவது மாற்றத்தை ஒரு சின்ன விளக்கச் செய்தியோடு கிட்டில் பதிந்து), தளத்தில் உள்ள உங்கள் பிரதிக்குப் புஷ் செய்கிறீர்கள், அதாவது ஏற்றுகிறீர்கள். அப்புறம் தளத்தில் போய் புல் ரிக்வெஸ்ட் திறக்கிறீர்கள். கிட்லேபில் இதற்கு மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்று பெயர்.

கமிட் செய்வதற்கு முன்னால் மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் என்ற கட்டளையைப் போட்டு, நீங்கள் மாற்றியது மட்டும்தான் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் ஒரு வரியைத் திருத்திவிட்டுப் பார்த்தால் கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக நிற்கும். விண்டோஸும் லினக்ஸும் வரி முடிவைக் குறிக்கும் விதம் வேறு வேறு. உங்கள் எடிட்டர் எல்லா வரி முடிவையும் மாற்றிவிட்டிருக்கும். அல்லது தானாக அழகுபடுத்தும் வசதி இடைவெளிகளையெல்லாம் ஒழுங்கு செய்திருக்கும். அப்படியே அனுப்பினால் எந்த வரியில் வேலை நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த வசதியை நிறுத்திவிட்டு, பழைய கோப்பை மீட்டு, அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி மாற்றுங்கள்.

ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு விஷயம். எழுத்துப்பிழை திருத்தமும் புது வசதியும் ஒன்றாக வந்தால், புது வசதியைப் பற்றி விவாதம் முடியும் வரை அந்த எழுத்துப்பிழையும் காத்துக் கிடக்கும். கமிட் செய்தியில் 'சில மாற்றங்கள்' என்று எழுதாதீர்கள். என்ன மாறியது, ஏன் என்று எழுதுங்கள்.

'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ'ன்னு போட்டிருக்கறதையெல்லாம் யாராச்சும் முன்னாடியே புடிச்சுப்போடறாங்களே?

ஆமாம். புதியவர்களுக்கு ஏற்றது என்று அந்த அடையாளம் போட்ட சிக்கல்களின் (இஷ்யூ, அதாவது தளத்தில் பதிந்த பிழை அல்லது வேலை) கீழே "எனக்குக் கொடுங்கள்" என்று வரிசையாகப் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். அவர்களில் பலர் திரும்பி வருவதேயில்லை. மாதக்கணக்கில் அசைவில்லாமல் கிடந்தால், "இதில் யாராவது வேலை செய்கிறீர்களா? இல்லையென்றால் நான் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன்" என்று உங்கள் திட்டத்தோடு கேளுங்கள். வெறுமனே இடம் பிடிப்பவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும்.

அந்த வரிசையில் நிற்காமலேயே வேலை கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. திட்டத்தை முதன்முதலாக உங்கள் கணினியில் நிறுவிப் பாருங்கள். கையேட்டில் சொன்ன கட்டளை ஓடாது. ஒரு படியை விட்டிருப்பார்கள். பதிப்பு எண் பழையதாக இருக்கும். பழையவர்கள் யாரும் புதிதாக நிறுவுவதில்லை என்பதால் அவர்கள் கண்ணுக்கு இது படாது. தடுக்கிய இடத்தையெல்லாம் அப்போதே குறித்து வைத்துக் கையேட்டைத் திருத்தி அனுப்புங்கள். என்னைக் கேட்டால் முதல் பங்களிப்புக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. பழையதாகி ஆறப்போட்டு நிற்கும் பிழை அறிக்கைகளை எடுத்து, இன்றைய பதிப்பிலும் அந்தப் பிழை வருகிறதா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வதும் அதே அளவு உதவி.

அனுப்பி மூணு வாரமாச்சுங்க, ஒரு பதிலுமில்லை. என்னைப் புடிக்கலையா?

உங்களைப் பற்றி அவர்கள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான பராமரிப்பாளர்கள் வேலை முடிந்து வந்து ராத்திரியில் இதைப் பார்க்கிறவர்கள். முதலில், உங்கள் புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் தானியங்கிச் சோதனைகள் பச்சையாக இருக்கின்றனவா பாருங்கள். சிவப்பாக இருந்தால் நீங்கள் சரிசெய்வீர்கள் என்று அவர்கள் காத்திருக்கலாம். எல்லாம் சரி என்றால் மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அதற்கும் பதிலில்லையென்றால் வேறு திட்டத்தைப் பார்க்கலாம். தினமும் கேட்பது, தனிச் செய்தியில் தொடர்ந்து தொந்தரவு செய்வது, சம்பந்தமில்லாதவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது எதுவும் வேண்டாம்.

பதில் வந்துருச்சுங்க, ஆனா வரிக்கு வரி குத்தம் சொல்லியிருக்காங்க. விட்டுப்போட்டுப் போயிரட்டுங்களா?

போகாதீர்கள். வரிக்கு வரி படித்திருக்கிறார் என்றால் உங்கள் வேலையைச் சேர்த்துக்கொள்ள அவர் நேரம் செலவிட்டிருக்கிறார். கல்லூரியில் நம் நிரலை இப்படி யாரும் படித்துத் திருத்திக் கொடுப்பதில்லை. புரியாததைக் கேளுங்கள். ஒத்துக்கொள்ள முடியாத இடத்தில் காரணத்தோடு மறுத்துச் சொல்லலாம். அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை.

திருத்தங்களை அதே கிளையில் புஷ் செய்தால் புல் ரிக்வெஸ்ட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். பழையதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தால் அதுவரை நடந்த பேச்செல்லாம் அறுந்துபோகும். சேர்க்காமலே மூடிவிட்டால், காரணம் எழுதியிருப்பார்கள். பல நேரம் "இது எங்கள் திட்டத்தின் எல்லைக்குள் வராது" என்பதாக இருக்கும். அதனால்தான் பெரிய வேலைக்கு முன்னால் ஒரு சிக்கல் திறந்து கேட்டுவிட்டுச் செய்யச் சொல்கிறேன்.

அக்டோபர்ல புல் ரிக்வெஸ்ட் போட்டாப் பரிசு குடுக்கறாங்களாமே?

ஹாக்டோபர்ஃபெஸ்ட்டைச் சொல்கிறீர்கள். டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கியது. 2020இல் பரிசாகக் கிடைத்த டீ சர்ட்டுக்காகக் கையேடுகளில் ஒரு சொல்லைச் சேர்த்தும் எடுத்தும் குப்பையாக அனுப்பி, பராமரிப்பாளர்களைத் திணற வைத்துவிட்டார்கள். அந்த வருடமே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பியதை மட்டும் கணக்கில் எடுக்கும்படி விதியை மாற்றினார்கள். கலந்துகொள்ளுங்கள், நல்ல தொடக்கம்தான். ஆனால் அக்டோபர் இல்லையென்றாலும் அனுப்பியிருப்பேன் என்று சொல்லக்கூடிய திருத்தமாக அனுப்புங்கள்.

ஏஐ கிட்ட எழுதி வாங்கி அனுப்பலாமுங்களா?

அந்தத் திட்டத்தின் விதியைப் பாருங்கள். ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டம் 2024இல் ஏஐ எழுதிய நிரலை ஏற்க மாட்டோம் என்று முடிவெடுத்தது. நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத் திட்டம் அதே வருடம், முன்அனுமதி இல்லாமல் அதைச் சேர்க்கக் கூடாது என்றது. வேறு சில திட்டங்கள், எந்தக் கருவியைப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும் என்கின்றன.

விதி அனுமதித்தாலும், அனுப்பும் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று நீங்கள் விளக்க முடிய வேண்டும். சரிபார்ப்பவர் கேட்கும் கேள்வியை மறுபடி ஏஐயிடம் ஒட்டி, அது சொன்னதை இங்கே ஒட்டினால், அவர் உங்களோடு பேசவே இல்லை. இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற கருவியின் பராமரிப்பாளர்கள், ஏஐ கற்பனையாக எழுதிய பாதுகாப்புப் பிழை அறிக்கைகளால் நேரம் வீணாவதாக வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார்கள். நிரலைப் புரிந்துகொள்ள, உங்கள் ஆங்கிலத்தைச் சரிபார்க்க ஏஐயை வைத்துக்கொள்ளுங்கள்.

இதுல வருமானம் வருமுங்களா? வீட்ல கேக்கறாங்க.

நேரடியாக வருமானம் வரும் வழிகள் சில உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022 முதல் மாணவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை; 18 வயது நிறைந்த, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்கள் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறும். அவுட்ரீச்சி என்ற திட்டமும் சம்பளத்தோடு பயிற்சி தருகிறது. தொழில்நுட்பத் துறையில் வாய்ப்புக் குறைந்தவர்களுக்கென்றே நடப்பது அது. இரண்டிலும் தேர்வுக்கு முன்பே, தான் சேர விரும்பும் மென்பொருளில் கொஞ்சம் வேலை செய்து காட்டியவருக்குத்தான் வாய்ப்பு அதிகம். அறிவிப்பு வந்த பிறகு தொடங்காமல், முந்தைய வருடமே தொடங்குங்கள். இந்த இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. காசு கட்டினால் இடம் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வேலைக்கு உதவுமா என்றால், உதவும். பெருந்துறையிலோ சத்தியமங்கலத்திலோ படிக்கும் ஒருவர் எழுதிய நிரலையும், அவர் விமரிசனத்துக்குப் பதில் சொன்ன விதத்தையும் எந்த ஊர் நிறுவனமும் நேராகப் படித்துப் பார்க்கலாம். வீட்டில் இதையே சொல்லுங்கள். எல்லாருக்கும் வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் ஐடி கம்பெனில இருக்கறனுங்க. ராத்திரி வீட்ல உக்காந்து பண்ணினாப் பிரச்சனை வருமா?

வரலாம். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலைக் காலத்தில் நீங்கள் எழுதும் எல்லா நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சிலவற்றில் இருக்கும், வீட்டில் எழுதியதும் சேர்த்து. அப்படி இருந்தால் எந்தத் திட்டத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதி, மின்னஞ்சலில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது. அலுவலக லேப்டாப்பில் செய்யாதீர்கள். அலுவலக நிரலில் ஒரு துண்டுகூட எடுத்து வைக்காதீர்கள்.

திட்டத்தின் பக்கமும் இதே அக்கறை உண்டு. லினக்ஸ் கருநிரலில் 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் அனுப்புகிறவர் 'சைன்டு ஆஃப் பை' என்று தன் பெயரைப் போடுகிறார். "இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது" என்ற உறுதிமொழி அது. வேறு சில திட்டங்கள் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் ஒப்புதல் கேட்கும். படிக்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

என்ர பேரும் ஈமெயிலும் எல்லாருக்கும் தெரியுமுங்களா அக்கா?

மாணவிகள் அதிகம் கேட்பது இது. என் தோழியிடம் கேட்டதை அப்படியே போட்டிருக்கிறேன். தெரியும். ஒவ்வொரு கமிட்டிலும் பெயரும் மின்னஞ்சலும் பதிவாகி, அந்தப் பிரதியை இறக்கியவர் எல்லார் கணினிக்கும் போய்விடும். பின்னால் அழிப்பது அநேகமாக நடக்காத காரியம். அதனால் முதல் கமிட்டுக்கு முன்பே முடிவெடுங்கள். கிட்ஹப் அமைப்புகளில் மின்னஞ்சலை மறைக்கச் சொன்னால் பதில் போகாத முகவரி ஒன்றைத் தரும். அதைக் கிட்டில் கொடுங்கள். பெரும்பாலான திட்டங்களில் புனைபெயரும் செல்லும்; உறுதிமொழி கேட்கும் சில இடங்களில் மட்டும் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாராவது தவறாகப் பேசினால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. பல திட்டங்களில் நடத்தை விதிக் கோப்பு ஒன்றும், புகார் அனுப்பத் தனி முகவரியும் இருக்கும். அது இல்லாத திட்டத்தை விட்டு வேறு திட்டத்துக்குப் போவது முழுக்க நியாயமான முடிவு.

பெரிய செக்யூரிட்டி ஓட்டை ஒண்ணு கண்ணுல பட்டுதுங்க. உடனே இஷ்யூ போட்டுரட்டுங்களா?

போடாதீர்கள். முன்னால் சொன்ன பிழை அறிக்கை முறை இதற்குப் பொருந்தாது. பொதுவில் எழுதினால் சரிசெய்வதற்குள் கெட்ட எண்ணமுள்ளவரும் படித்துவிடுவார். பல திட்டங்களில் பாதுகாப்புக்கென்று தனிக் கோப்பு இருக்கும். அதில் சொன்ன வழியில் ரகசியமாக அனுப்புங்கள். அவர்கள் சரிசெய்து வெளியிட்ட பிறகு நீங்கள் கண்டுபிடித்ததைத் தாராளமாக எழுதலாம்.

புதுசா வர்றவங்கள ஏனுங்க இத்தனை சந்தேகமாப் பாக்கறாங்க? சின்னத் திருத்தத்துக்குக்கூட அத்தனை கேள்வி.

2024 மார்ச்சில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் இது புரியும். எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள். லினக்ஸ் கணினிகள் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒருவர் தனியாகப் பல வருடம் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒரு புதியவர் வந்து ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பினார். "வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேருங்கள்" என்று வேறு சில பெயர்களிலிருந்து பராமரிப்பாளருக்கு நெருக்கடி வந்தது. அவரே மனநலச் சிக்கலோடு இருந்த நேரம். கடைசியில் அந்தப் புதியவருக்குப் பொறுப்புக் கிடைத்தது. அவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், சோதனைக்கான கோப்புகளுக்குள் ஒளித்து, ரகசியமாக உள்ளே புக ஒரு பின்வாசலை நுழைத்துவிட்டார்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கேள்விகள் கூடியதில் ஆச்சரியமில்லை. பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். மனிதர் படிக்க முடியாத கோப்புகளைச் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் எப்படி உண்டாக்கினீர்கள் என்று எழுதுங்கள். இன்னொன்றும் இதில் தெரிகிறது. அந்தப் பராமரிப்பாளருக்குத் துணையாக நாலு நல்ல ஆட்கள் முன்பே இருந்திருந்தால் அந்த நெருக்கடி அவரிடம் எடுபட்டிருக்காது. சின்னத் திட்டங்களுக்கு நாம் போக வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் காரணம்.

சோமனூர்ப் பக்கந்தானுங்க நம்முளுது. தறிக் கணக்குக்கு நாமளே ஒண்ணு எழுதி ஓப்பன் சோர்ஸா விட்டா?

தாராளமாகச் செய்யலாம். முதலில், இருப்பதில் எதையாவது நீட்டிக்க முடியுமா பாருங்கள். இஆர்பிநெக்ஸ்ட் என்ற கணக்கு, சரக்கு நிர்வாக மென்பொருள் நம் நாட்டில் உருவானது, ஓப்பன் சோர்ஸ். பாவு நூல் வாங்கி, கூலிக்கு நெய்து, துணியாகத் திருப்பிக் கொடுக்கும் கணக்கை அதன் மேல் ஒரு சேர்க்கையாக எழுதினால் பில், வரி, இருப்புக் கணக்கையெல்லாம் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. அது உங்களுக்குப் பெரியது என்று தோன்றினால் தனியாகச் சின்னதாகத் தொடங்குங்கள்.

முதல் நாளே உரிமக் கோப்பைப் போட்டுவிடுங்கள். நிரலைப் பொதுவில் வைத்து உரிமம் போடாவிட்டால், சட்டப்படி யாரும் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. முதல் கேள்வியில் சொன்ன அனுமதி உரிமத்தில்தான் இருக்கிறது. எம்ஐடி உரிமம் போட்டால் யாரும் எடுத்து மூடிய மென்பொருளாகவும் விற்கலாம். ஜிபிஎல் போட்டால் மாற்றி விநியோகிப்பவர் தன் மாற்றத்தின் நிரலையும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். தறிக்காரர்களுக்கே திரும்பி வர வேண்டும் என்று நினைத்தால் நான் ஜிபிஎல்லைத்தான் சொல்வேன்.

மாதிரித் தரவுக்கு உங்கள் அப்பாவின் நோட்டிலிருந்து நிஜமான பார்ட்டி பெயர், பாக்கித் தொகை, போன் நம்பரை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். மின்னஞ்சலைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்: ஒருமுறை கமிட் ஆனால் அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். கற்பனைப் பெயர்களில் பத்து வரி மாதிரி, நிறுவும் முறையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு பக்கம், இன்னும் செய்ய வேண்டியவற்றில் எளிதான சிலவற்றுக்குப் புதியவர்களுக்கான அடையாளம். இவ்வளவு இருந்தால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்துகொள்ளலாம்.